20 பவுணுக்கு வாங்கிய கருவிகள்

கொதிக்கும் கேத்தலின் மூடி ஆவியினால் எழுந்து தாழ்வதைக் கண்டு வியந்து நின்ற சிறுவன் ஒருவனின் கதையை நம் மாணாக்கர் பலரும் கேட்டிருப்பர். அச்சிறுவன் ஜேம்ஸ் உவாற்று. அவ்வியப்பே பின்னாளில் நீராவிப் பொறியாய் விளைந்தது என்பது கதையின் முடிவு. கதை இனியதுதான். ஆயினும் அது உவாற்று புகழெய்திய பின்னர் உறவினர் ஒருவரின் நினைவிலிருந்து எழுந்த கதை. நீராவியின் வலியை உலகு அறிந்துகொண்டதும் அவரால் அன்று. அவர் பிறப்பதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்னரே, 1712 இல், தாமஸ் நியூகொமன் என்பவர் நீராவிப் பொறியமைத்துச் சுரங்கத்து நீரை இறைக்கத் தொடங்கிவிட்டார்.

கேத்தல் மூடி ஆடக் கண்டவர் உலகிற் பல்லாயிரவர். அவர்களுள் ஒருவரை மட்டும் வேறுபடுத்திய பொருள் யாது? அதற்கு விடை அடுப்பங்கரையில் இல்லை. சில கருவிகளில் உண்டு. இருபது வயது இளைஞர் ஒருவர், ஓராண்டு வயிற்றைச் சுருக்கித் தொழில் பயின்று, ஏறத்தாழ 20 பவுணுக்கு வாங்கிக்கொண்டு ஊர் மீண்ட கருவிகள் அவை. அக்கருவிகளின் வழியே சென்றால் உவாற்றின் வாழ்வு முழுவதையும் கண்டுவிடலாம்.

ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையில், கிளைட் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ளது கிரீனொக் என்னும் துறைமுகப்பட்டினம். அங்கே 1736 ஆம் ஆண்டு சனவரி 19 ஆம் நாள் உவாற்று பிறந்தார். பாட்டனார் தாமஸ் உவாற்று கணித ஆசிரியர். கடலோடிகளுக்கு வேண்டிய கணக்குகளைக் கற்பித்து வாழ்ந்தவர். தந்தையார் மரவேலையிற் கைதேர்ந்தவர். கப்பல்களுக்கு வேண்டிய பொருள்களைச் செய்தும் செப்பனிட்டும் விற்றும் வணிகராய் உயர்ந்தவர். எண்ணும் கோலும் ஒருபுறம், உளியும் வாளும் மறுபுறமாக அமைந்த குடும்பம் அது.

சிறுவன் உவாற்று நோயாளி. கடுந் தலைவலி அவரை அடிக்கடி வருத்தியது. அது வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. ஆதலால் பள்ளிக்கு ஒழுங்காய்ச் செல்ல இயலவில்லை. அன்னையார் அக்னெஸ் வீட்டிலேயே எழுத்தறிவித்தார். தந்தையார் தம் பட்டறையின் ஒரு மூலையில் சிறு மேசை ஒன்றையும் சிற்றுலை ஒன்றையும் மகனுக்கென்று ஒதுக்கிக் கொடுத்தார். பழுதுபார்க்க வந்த கப்பற்கருவிகள் அச்சிறுவனின் கண்முன்னே கழற்றப்பட்டன, மீண்டும் பூட்டப்பட்டன. பாரந்தூக்கிகளின் சிற்றுருவங்களை அவர் அங்கே செய்து பழகினார். அவருடைய விரல்களின் திறத்தைக் கண்டு பட்டறைத் தொழிலாளர் வியந்தனர் என்பர். ஏட்டுக் கல்வி தாமதித்தது, கைக்கல்வி முந்திக்கொண்டது.

1753 இல் அன்னையார் காலமானார். தந்தையாரின் வணிகமும் அக்காலத்தில் நட்டமுற்றுத் தளர்ந்தது. பதினெட்டு வயதை எட்டிய மகன் தன் கையால் உண்ண வேண்டிய நிலை வந்தது. கணிதக் கருவி செய்யும் தொழிலை உவாற்று தெரிந்துகொண்டார். நில அளவைக்கும் கடற்பயணத்துக்கும் வானாராய்ச்சிக்கும் வேண்டிய நுண்கருவிகளைப் பித்தளையிலும் தந்தத்திலும் மரத்திலும் ஆக்குவது அத்தொழில். பாட்டனாரின் கணக்கும் தந்தையாரின் கைத்திறனும் ஒருங்கு கூடுமிடம் அதுவன்றோ!

1754 இல் அவர் கிளாஸ்கோ நகருக்குச் சென்றார். தாய்வழி உறவினர் ஒருவர் அந்நகரப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக இருந்தார். ஆனால், அத்தொழிலை முறையாகக் கற்பிக்கவல்ல ஆசான் ஒருவரும் அந்நகரில் இல்லை. இயற்கை விஞ்ஞானப் பேராசிரியர் றொபேட் டிக் என்பவர் இளைஞரின் திறத்தைக் கண்டு, இலண்டனுக்குச் சென்று கற்குமாறு அறிவுரை கூறி, அறிமுகக் கடிதமும் கொடுத்துதவினார். 1755 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் உவாற்று குதிரைமேல் இலண்டனுக்குப் புறப்பட்டார். ஏறத்தாழப் பன்னிரண்டு நாள் வழிநடை.

இலண்டன் மாநகரில் கருவி செய்வோர் கடைகள் நிறைய இருந்தன; ஆயினும் ஒரு கதவும் அவருக்குத் திறக்கவில்லை. காரணம் அந்நாளைய தொழில் முறை. ஒரு கைத்தொழிலைச் செய்ய விரும்புவோன் இளமையிலேயே ஓர் ஆசானிடம் ஒப்பந்தத்தின் பேரில் ஒப்படைக்கப்பட்டு, ஏழாண்டு அவருக்குப் பணிசெய்து கற்றல் வேண்டும். அதன் பின்னரே கூலிக்கு வேலை செய்யலாம், கடையும் வைக்கலாம். இம்முறையைக் கம்மியர் சபைகள் கண்ணுங் கருத்துமாய்க் காத்துவந்தன. உவாற்றுக்கோ வயது பத்தொன்பது. மாணவனாய்ச் சேர வயது கடந்துவிட்டது, தொழிலாளனாய்ச் சேர ஏழாண்டுப் பயிற்சி இல்லை, நகரத்தாரும் அல்லர். இரு கதவுகளுக்கும் நடுவே நின்ற இளைஞர் அவர். கையில் திறன் இருந்தது. ஆனால், அத்திறனைக் கற்கவும் விற்கவும் உரிமை இல்லை.

சில நாள் ஒரு கடிகாரக் கம்மியரின் கடையிற் கைப்பழக்கம் விடாமல் வேலை செய்தார். பின்னர் கோண்ஹில் பகுதியில் பிஞ்ச் ஒழுங்கையிற் கடை வைத்திருந்த ஜோன் மோர்கன் என்பவர் முறையைச் சற்றே நெகிழ்த்த இசைந்தார். ஓராண்டுக்குத் தொழில் கற்பிப்பதென்றும், அதற்கு உவாற்று 20 கினி கொடுப்பதென்றும், அவருடைய உழைப்பின் பயன் மோர்கனுக்கே உரியதென்றும் உடன்பாடாயிற்று. பிறர் ஏழாண்டிற் கற்பதை ஓராண்டிற் கற்றாக வேண்டும். உவாற்றின் தொழிற்பயிற்சி இவ்வாறு தொடங்கியது.

அந்த ஓராண்டு எளிதாகக் கழியவில்லை. கடையில் அவருக்குக் கிடைத்த இருக்கை வாயிற் கதவை அடுத்திருந்தது. பனிக்காலத்துக் குளிர்காற்று நாள் முழுவதும் அவர்மீது வீசியது. இருமலும் முதுகுவலியும் பற்றிக்கொண்டன. தந்தையாருக்குச் சுமையாதல் கூடாதென்று கருதி, வாரம் எட்டுச் சிலினில் உணவை முடித்துக்கொண்டார். அதனினும் குறைத்தால் வயிறு பொறுக்காது என்னும் எல்லையில் நின்ற செலவு அது. விடியற்காலையில் கடைவேலை தொடங்கு முன்னர்ச் சிறுவேலைகள் செய்து சில காசு தேடிக்கொண்டார்.

தெருவிற் காலாற நடப்பதற்கும் வழியில்லை. பிரான்சோடு போர் மூண்டுகொண்டிருந்த காலம் அது. கடற்படைக்கு ஆள்பிடிக்கும் கூட்டத்தார் இளைஞரைத் தெருவிலே வளைத்துப் பிடித்துக் கப்பலேற்றினர். நகரத்துக் கம்மியனும் முறைப்படி சேர்ந்த தொழின்மாணவனும் நகரத் தலைவரிடம் முறையிட்டு மீளலாம். உவாற்றோ சபையின் முறைக்குப் புறம்பாய்த் தொழில் கற்பவர். பிடிபட்டால் தாம் இன்னாரென்று சொல்லவும் வழியில்லை. எனவே கடையும் படுக்கையுமாகவே நாள்கள் கழிந்தன.

ஆயினும் கை கற்றது. சமாந்தரக் கோடிடும் கோல்கள், அளவுகோல்கள், கடலோடிகள் ஞாயிற்றின் உயரங்காணப் பயன்படுத்தும் கால்வட்டமானிகள், திசையறிகருவிகள், நிலமளப்போரின் தியோடலைற்று என ஒன்றன்பின் ஒன்றாக அவர் செய்து பழகினார். மடித்து விரிக்கும் பித்தளைக் கணக்குக்கோல் ஒன்றை அருமையான பிணைச்சலோடு செய்து முடித்தார். அப்பிணைச்சல் தளர்ந்தால் கோல் ஆடும், இறுகினால் விரியாது. மயிரிழை அளவும் பிழை பொறுக்காத வேலை அது. ஆண்டு முடியுந் தறுவாயில், கூலிக்கு வேலை செய்யும் தொழிலாளர் பலருக்கும் தாம் குறைந்தவரல்லர் என்று தந்தையாருக்கு அறிவித்தார். அவர் தற்பெருமை பேசுபவரல்லர். தம் குறைகளையே பெரிதாய் எண்ணி வருந்தும் இயல்பினர். ஆதலால் அக்கூற்றை நாம் நம்பலாம்.

1756 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவர் ஊருக்குப் புறப்பட்டார். அதற்கு முன்னர்த் தொழிலுக்கு இன்றியமையாத கருவிகளையும் பொருள்களையும் ஏறத்தாழ 20 பவுணுக்கு வாங்கிக்கொண்டார்.

இத்தொகையைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். 20 கினி என்பது 420 சிலின். அது ஆசானுக்குக் கொடுத்தது. வாரம் எட்டுச் சிலின் வீதம் ஓராண்டுக்கு 416 சிலின். அது உணவுக்குச் சென்றது. 20 பவுண் என்பது 400 சிலின். அது கருவிகளுக்குச் சென்றது. மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவின. கற்ற வித்தைக்கு ஒரு பங்கு, உயிரைக் காத்த உணவுக்கு ஒரு பங்கு, இனிமேல் உழைக்கப்போகும் கருவிக்கு ஒரு பங்கு. தொழில் தொடங்கும் இளைஞன் ஒருவனுக்குக் கருவி எத்தகைய சுமை என்பதை இக்கணக்கு விளக்கும். தச்சுப் பட்டறையிலோ மோட்டார்ப் பட்டறையிலோ கைவேலை பழகி, முதற்கூலியில் ஒரு குறட்டையும் ஒரு சுத்தியலையும் வாங்கிக் கொண்டு வீடு வந்த எந்த இளைஞனும் இதை உணர்வான். அரம், துறப்பணம், கவராயம் என்பன பிறர்க்கு இரும்புத் துண்டுகள். அவற்றை வாங்கியவனுக்கோ உண்ணாது மிச்சம் பிடித்த வேளைச் சோறு.

கருவிகளோடு நூலொன்றும் வந்தது. கணிதக் கருவிகளின் அமைப்பையும் பயனையும் விரிக்கும் அந்நூலைப் பிரெஞ்சு மொழியிற் செய்தவர் நிக்கொலா பியொன். ஆங்கிலத்திற் பெயர்த்தவர் எட்மண்ட் ஸ்ரோன். இந்த ஸ்ரோன் ஸ்கொத்லாந்தில் ஒரு பிரபுவின் தோட்டக்காரர் மகன். பள்ளி செல்லாது தாமே முயன்று கணிதமும் பிறமொழிகளும் கற்றவர். ஏழாண்டுப் பயிற்சியில்லாத கம்மியர் ஒருவருக்குப் பள்ளிப் பயிற்சியில்லாத அறிஞர் ஒருவர் வழித்துணையாயினார்.

கிளாஸ்கோவில் உவாற்றுக்கு முதல் வேலை பல்கலைக்கழகத்திலிருந்தே கிடைத்தது. யமேக்காத் தீவில் அடிமைகளின் உழைப்பாற் செல்வம் ஈட்டிய மக்பார்லன் என்னும் வணிகர் தம் வானாராய்ச்சிக் கருவிகளை அப்பல்கலைக்கழகத்துக்கு விட்டுச்சென்றார். நெடுங்கடல் கடந்து வந்த அக்கருவிகள் உப்புக்காற்றாற் கறைபட்டிருந்தன. அவற்றைத் துலக்கிச் செப்பனிடும் பணி உவாற்றினிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்குக் கூலி 5 பவுண். இலண்டனில் வாங்கிய கருவிகள் உழைத்துத் தேடிய முதற் பொருள் இதுவெனலாம்.

வேலை முடிந்தது, மீண்டும் வழி அடைபட்டது. கிளாஸ்கோவிலும் கம்மியர் சபை ஒன்று இருந்தது. உவாற்று அந்நகரத்தார் ஒருவரின் மகனல்லர். ஏழாண்டுப் பயிற்சி பெற்றவருமல்லர். ஆதலால் நகரிற் கடை வைக்க அச்சபையார் இசையவில்லை என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவருஞ் செய்தி. பல்கலைக்கழக வளவோ நகரச் சபைகளின் ஆணைக்குட்படாத இடம். 1757 ஆம் ஆண்டில் பேராசிரியர்கள் அவ்வளவினுள்ளே அவருக்கு ஓர் அறையை ஒதுக்கிப் பல்கலைக்கழகத்தின் கணிதக் கருவி வினைஞர் என்னும் பெயரையும் வழங்கினர். தொழிலாளர் சபை ஏற்காத தொழிலாளரை அறிஞர் சபை ஏற்றுக்கொண்டது.

இந்நிகழ்ச்சி சிறிதாகத் தோன்றலாம். அதன் விளைவோ மிகப் பெரிது. அக்காலத்து ஐரோப்பாவிற் கம்மியர் வாழ்ந்த தெரு வேறு, கற்றோர் வாழ்ந்த தெரு வேறு. கிளாஸ்கோவில் அவ்விரு தெருக்களும் ஓரறையிற் சந்தித்தன. வெப்பத்தின் இயல்பை ஆராய்ந்த ஜோசப் பிளாக் தமக்கு வேண்டிய கருவிகளுக்காக அங்கே வந்தார். மாணவராய் இருந்த ஜோன் றொபிசன், ஒரு தொழிலாளரைக் காண்போம் என்று நுழைந்து, தம்மினும் ஆழ்ந்து சிந்திக்கும் இளைஞர் ஒருவரைக் கண்டு நாணி நின்றார். பொருளியலுக்குத் தந்தை எனப் போற்றப்படும் அடம் சிமித் அப்போது அங்கே பேராசிரியர். அவரும் உவாற்றுக்கு நட்பாயினார். அரத்தின் ஒலிக்கும் அறிஞர் உரைக்கும் அவ்வறை ஒருங்கே இடங்கொடுத்தது.

ஆயினும் அறிஞர் உரை அடுப்பை எரிக்காது. கணிதக் கருவி வாங்குவோர் சிலரே. ஆதலால் உவாற்று குழலும் யாழ்வகைகளும் செய்தார். பழுதுற்ற இசைக்கருவிகளைச் செப்பனிட்டார். இசை கேட்டு இன்புறும் செவி அவருக்கு இல்லை. ஆனால் சுரங்களின் அளவையைக் கணக்கினால் அறிந்துகொண்டார். 1759 இல் ஜோன் கிரெய்க் என்பவரைப் பங்காளியாகக் கொண்டு நகரிலும் கடை திறந்தார். கடை வளர்ந்தது, தொழிலாளரும் பெருகினர். 1764 இல் மார்கிரட் மில்லர் என்னும் உறவுப் பெண்ணை மணந்தார்.

1763 - 64 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவரது மேசைமேல் ஒரு பொருள் வந்து அமர்ந்தது. அது நியூகொமன் பொறியின் சிற்றுரு. இயற்கை விஞ்ஞான வகுப்பில் மாணாக்கருக்குக் காட்டுவதற்காகப் பல்கலைக்கழகத்தில் இருந்தது, செவ்வையாய் ஓடவில்லை. இலண்டனில் பெயர்பெற்ற ஒரு கருவி வினைஞரிடம் அனுப்பியும் குறை தீரவில்லை. பேராசிரியர் ஜோன் அண்டர்சன் அதனை உவாற்றினிடம் கொடுத்தார். அவர் அதைச் செப்பனிட்டு ஓட்டினார். சில முறை அசைந்தது, பின்னர் நின்றுவிட்டது. கொதிகலனில் இருந்த ஆவி அதற்குள் தீர்ந்துபோயிற்று.

பிற கம்மியர் இங்கே கையைத் துடைத்துக்கொண்டு கூலி வாங்கியிருப்பர். உறுப்புகளிற் பழுதில்லை, பொறி ஓடாமைக்குத் தாம் பொறுப்பல்லர். பிற அறிஞர் ஒரு கட்டுரை எழுதியிருப்பர். உவாற்று இரண்டையும் விடுத்து, ஆவி எங்கே போயிற்று என்று தேடத் தொடங்கினார்.

நியூகொமன் பொறி இயங்கும் முறை இது. நிமிர்ந்து நிற்கும் உருளை ஒன்றினுள்ளே ஆடுதண்டு ஏறி இறங்கும். உருளையினுள் நீராவி நிரம்பும்போது ஆடுதண்டு மேலே செல்லும். உடனே உருளைக்குள் குளிர்நீர் பீச்சப்படும். ஆவி குளிர்ந்து நீராகிச் சுருங்க, உருளையினுள் வெற்றிடம் உண்டாகும். மேலிருந்து வளிமண்டலம் அழுத்த ஆடுதண்டு கீழே இறங்கும்; அவ்விறக்கமே நீரை இறைக்கும். இதில் ஒளிந்திருந்த குற்றம் யாதெனில், ஒவ்வொரு முறையும் உருளை முழுவதும் குளிர்ந்துபோதல். அடுத்துவரும் ஆவியிற் பெரும்பகுதி, குளிர்ந்த உருளையை மீண்டும் சூடாக்குவதிலேயே வீணாயிற்று. சிற்றுருவின் உருளை 2 அங்குல விட்டமே உடையது. சிறு பாத்திரம் விரைவில் ஆறுவதுபோல அதில் இழப்பு இன்னும் மிகுதி. ஆவியில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு வீணாகிறதென்று உவாற்று அளந்து கண்டார். நீர் ஆவியாகும்போது எவ்வளவு வெப்பத்தைத் தன்னுள் மறைத்துக்கொள்கிறது என்பதைப் பிளாக்கினிடம் கேட்டுத் தெளிந்தார்.

உருளை எப்போதும் சூடாக இருத்தல் வேண்டும். ஆவியோ குளிர்தல் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே பாத்திரத்திற் செய்வது எங்ஙனம்? 1765 ஆம் ஆண்டு மே மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோப் பசுந்திடலில் உலாவிக்கொண்டிருந்தபோது விடை தோன்றியது. ஒரே பாத்திரம் வேண்டாம். ஆவியை வேறொரு பாத்திரத்துக்கு இழுத்து அங்கே குளிரச் செய்தல் வேண்டும். அவ்வேறு பாத்திரமே இன்று நாம் ஒடுக்கி என வழங்குவது.

ஞாயிறு ஓய்வு நாளாகையால் அன்று கருவியைத் தொடுதல் அந்நாட்டு வழக்கமன்று. மறுநாள் வரையும் அவர் காத்திருந்தார். பின்னர் மருத்துவர் பயன்படுத்தும் பெரிய பித்தளைப் பீச்சுக்குழல் ஒன்றை உருளையாகக் கொண்டு, தகரத் தகட்டினால் ஒடுக்கியை ஆக்கித் தம் எண்ணத்தைச் சோதித்தார். அது பலித்தது. நினைத்ததைக் கையினாற் செய்துபார்க்க அவர் பிறரை நாடிச் செல்லவில்லை. காத்திருந்தது ஓரிரவு மட்டுமே. இலண்டன் குளிரில் ஓராண்டு கற்ற வித்தை அன்று தன் பயனைத் தந்தது.

சிற்றுரு பலித்தது, பேருரு பலிக்கவில்லை. பித்தளைக் கோலின் பிணைச்சலை மயிரிழை பிசகாமற் செய்யும் கை, ஆளுயர இரும்பு உருளையைக் கடைந்தெடுக்க இயலாது. கொல்லர் ஆக்கிய உருளை வட்டங் கோணியிருந்தது. ஆடுதண்டின் இடைவெளியை அடைக்கத் தக்கையும் எண்ணெய்த் துணியும் பழந்தொப்பியும் காகிதமும் திணித்துப் பார்த்தார். ஆவி கசிந்துகொண்டே இருந்தது. 1765 இல் பங்காளி கிரெய்க் இறந்தார், கடன் மிஞ்சியது. ஜோன் றோபக் என்னும் தொழிலதிபர் துணைநிற்க, 1769 இல் ஆக்கவுரிமைப் பத்திரம் கிடைத்தது. ஆயினும் குடும்பத்தைக் காக்க உவாற்று கால்வாய்களுக்கு நிலமளந்து கூலி தேட வேண்டியவரானார். 1773 இல் வடக்கு மலைநாட்டில் அளந்துகொண்டிருந்தபோது மனைவியார் நோயுற்றார் என்று செய்தி வந்தது. விரைந்து மீண்டும் உயிரோடு காணக் கிடைக்கவில்லை.

1774 இல் அவர் ஸ்கொத்லாந்தை விட்டுப் பேர்மிங்காமுக்குச் சென்றார். றோபக் பொருளிழந்து நொடித்தமையால் அவருடைய பங்கு மத்தியூ போல்ற்றன் என்னும் ஆலையதிபரின் கைக்கு மாறியிருந்தது. போல்ற்றனிடம் கைதேர்ந்த தொழிலாளர் இருந்தனர். அவ்வாண்டிலேயே ஜோன் வில்கின்சன் பீரங்கிகளைத் துளைத்துக் கடையும் புதுமுறை ஒன்றைக் கண்டார். அம்முறையால் 50 அங்குல விட்டமுள்ள உருளையும் பழைய சிலின் நாணயம் ஒன்றின் தடிப்பளவு கூடப் பிழையின்றிக் கடையப்பட்டது. உவாற்றின் எண்ணத்துக்கேற்ற கை ஒன்பதாண்டு கழித்தே கிடைத்தது. 1776 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ரிப்ரன் என்னுமிடத்துச் சுரங்கத்தில் அவருடைய பொறி நீரிறைக்கத் தொடங்கியது. பின்னர்ச் சக்கரம் சுழற்றும் பொறியும், வேகத்தைத் தானே அடக்கும் ஆளியும் வந்தன. ஆலைகள் ஆற்றங்கரையை விட்டு ஊர்களுக்குள் பெயர்ந்தன.

இங்கே ஒன்றை மறையாது சொல்லுதல் வேண்டும். ஆக்கவுரிமையைப் பாராளுமன்றம் 1775 இல் நீட்டியது. 1800 வரை பிறரொருவரும் அம்முறையில் பொறி செய்தல் ஆகாது. ஜொனதன் ஹோண்புளோவர் என்பவர் இரண்டு உருளைகளாலான பொறி ஒன்றை ஆக்க, போல்ற்றனும் உவாற்றும் வழக்காடி அவரைத் தடுத்தனர். அவர்களிடம் வேலை செய்த வில்லியம் மேடொக் நீராவியால் ஓடும் வண்டியின் சிற்றுரு ஒன்றை 1784 அளவிற் செய்தபோது, உவாற்று அதை ஊக்குவிக்கவில்லை. ஒருகாலத்தில் இரு நகரங்களின் கதவுகளும் தமக்கு அடைபட்டதை அறிந்தவர், பின்னாளில் தாமும் ஒரு கதவை அடைத்துக்கொண்டு நின்றார். பல்லாண்டு பொருளிழந்து வருந்தியவர் தம் உழைப்பின் பயனைக் காத்தது இயல்பே. அதனாற் பிறர் கைகள் கட்டுண்டதும் உண்மையே. பெரியோர் வாழ்வை எழுதுவோர் இரண்டையும் எழுதுதல் கடன்.

1800 இல் ஆக்கவுரிமை முடிவுற, உவாற்றும் தொழிலினின்று ஓய்வு பெற்றார். செல்வமும் புகழும் நிரம்ப இருந்தன. பேர்மிங்காமை அடுத்த ஹான்ஸ்வேர்த்தில் ஹீத்பீல்ட் என்னும் பெருமனை ஒன்றைக் கட்டியிருந்தார். அம்மனையில் அவர் விரும்பி உறைந்த இடம் கூரையின்கீழ் இருந்த ஒரு சிற்றறை. கோடையில் வெம்மையும் மாரியிற் கடுங்குளிரும் உள்ள அவ்வறையிற் கடைசற் பொறியும் அரங்களும் உளிகளும் பெட்டிபெட்டியாய் நிறைந்திருந்தன. சிற்பங்களைப் படியெடுக்கும் பொறி ஒன்றை ஆக்குவதில் அவர் தம் முதுமையைக் கழித்தார். அதனால் வருவாய் இல்லை, வேண்டியதும் இல்லை. தந்தையாரின் பட்டறை மூலையில் அமர்ந்த சிறுவன் அறுபது ஆண்டுக்குமேற் சுற்றிவந்து மீண்டும் அதே மூலையில் அமர்ந்துகொண்டான்.

அவ்வறையில் கருவி அல்லாத பொருளொன்றும் இருந்தது. இரண்டாம் மனைவியார் ஆன் பெற்ற மகன் கிரெகரி, அறிவிற் சிறந்தவர், 1804 இல் இருபத்தேழு வயதிற் காசநோயால் இறந்தார். அம்மகனின் பள்ளிக்கால ஏடுகள் அடங்கிய பெட்டியைத் தந்தையார் தம் கருவிகளின் அருகிலேயே வைத்திருந்தார். ஒன்றும் சொல்லாத மனிதர். சொல்லவேண்டியதைப் பெட்டி சொல்லிற்று.

1819 ஆம் ஆண்டு ஓகத்து 25 ஆம் நாள், எண்பத்துமூன்றாம் வயதில், உவாற்று காலமானார். சிற்றறை பூட்டப்பட்டது, நூறு ஆண்டுக்குமேல் அது பெரும்பாலும் வைத்தது வைத்தபடி கிடந்தது. 1924 இல் அவ்வறை பலகையும் கதவும் கருவியுமாகப் பெயர்த்தெடுக்கப்பட்டு, இலண்டன் விஞ்ஞான நூதனசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அதில் இருந்த பொருள்கள் 8,000 க்கு மேற்பட்டன. ஏழாண்டுப் பயிற்சி இல்லையென்று இலண்டன் கதவடைத்த இளைஞரின் பட்டறைக்கு, அவ்விலண்டனே பின்னர் ஒரு மண்டபத்தில் இடங்கொடுத்தது.

இன்று மின்குமிழ் வாங்கும்போதெல்லாம் அவர் பெயரை ஓர் அளவாக நாம் சொல்லுகின்றோம். அப்பெயரோடு ஒரு பாடத்தையும் சேர்த்துச் சொல்லுதல் நன்று. நூலறிந்தார் கையறியாது நின்றிருப்பின் அச்சிற்றுரு வகுப்பறை அலுமாரியிலே துருவேறியிருக்கும். கையறிந்தார் நூலறியாது நின்றிருப்பின் அது சில முறை அசைந்து நின்றதோடு விடப்பட்டிருக்கும். இரண்டும் ஓரறையிற் கூடியமையால் உலகத்தின் போக்கு மாறியது. நம் வகுப்புகளிலும், பாடத்திற் பின்வரிசையிலும் பழுதுபார்ப்பதில் முன்வரிசையிலும் நிற்கும் மாணவன் ஒருவன் இருப்பான். அவனுக்கு அறையின் ஒரு மூலையில் சிறு மேசை ஒன்று கொடுக்க நமக்கு மனமிருத்தல் வேண்டும். கிரீனொக்கில் ஒரு தந்தையார் செய்ததும், கிளாஸ்கோவிற் பேராசிரியர் சிலர் செய்ததும் அவ்வளவே.